அந்த ஆள் வாங்கித் தந்த திரை

மேஜை மேல் இரண்டு பெட்டிகள் இருந்தன, ஒன்று பச்சை, இன்னொன்று சிவப்பு, இரண்டும் வேறு வேறு கம்பெனி, இரண்டிலும் இருப்பது கம்ப்யூட்டரில் படம் வரைகிற கிராஃபிக்ஸ் கார்டு, விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை, ஒன்றைத் தொட்டுக் காட்டினால் போதும், கடைக்காரர் பில் போட்டுவிடுவார், கிருபாகரன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுக்கலாம். மனுஷன் தொடவில்லை. காந்திபுரத்தில் இந்த மாடிக் கடைக்கு வந்து உட்கார்ந்ததிலிருந்து, எதிரே இருக்கும் பெட்டிகளை விட்டுவிட்டுக் கையில் இருக்கும் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான். செல்போனில் ஒரு படம், மகள் மதிவதனி நேற்று அனுப்பியது. 'அப்பா, இதுதான் மானிட்டர், இதுக்குப் பொருத்தமா கார்டு பாருங்க' என்று கீழே எழுதியிருந்தாள். படத்தில் மானிட்டர் வந்த அட்டைப் பெட்டி, அதன் மேல் மாடல் நம்பர், வளைந்த திரையின் படம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. கடைக்காரர் சுப்பையன் அதை வாங்கிப் பார்த்து மாடலைக் குறித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தும் விட்டார். கிருபாகரன் பார்த்துக்கொண்டிருந்தது மாடல் நம்பரை அல்ல. பெட்டியின் இடது ஓரத்தில் ஒரு கட்டைவிரல் தெரிந்தது. பெட்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும் ஓர் ஆணின் கட்டைவிரல், நகம் ஒட்ட வெட்டிச் சுத்தமாக இருந்தது. படத்தைப் பெரிதாக்கினான், விரல் செல்போன் முழுக்க வந்து நின்றது, இன்னும் பெரிதாக்கினான், விரல் கட்டம் கட்டமாக உடைந்துபோனது, அப்போதும் விடவில்லை. 

விரலுக்குச் சொந்தக்காரர் பெயர் சம்பத். கிருபாகரனைக் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்த வாசுகி மறுபடி கல்யாணம் செய்துகொண்ட ஆள், ஆர்.எஸ்.புரத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மதி அந்த வீட்டில்தான் இருக்கிறாள், ப்ளஸ் ஒன் படிக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வந்தால் கிருபாகரனோடு வெளியே வருவாள், பிரியாணி சாப்பிடுவாள், பள்ளிக்கூடக் கதை சொல்லுவாள், இருட்டுவதற்குள் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். ஆரம்பத்தில் சம்பத் அங்கிள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். உறுத்தாத பெயர் அது, அங்கிள் என்றால் பஸ் கண்டக்டரும் அங்கிள்தான், பக்கத்து வீட்டுக்காரரும் அங்கிள்தான். இந்த மழைக்காலத்தில் எப்போதோ அது சம்பத்ப்பா ஆகிவிட்டது. அந்த 'ப்பா' கிருபாகரனின் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது. வாப்பா போப்பா என்று சிநேகிதர்களைக் கூப்பிடுவதில்லையா, அதுபோலத்தான் இதுவும் என்று எத்தனையோ தரம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துவிட்டான். சொல்லும்போது சரியாகத்தான் இருக்கிறது, எச்சில் விழுங்கினால் முள் அங்கேயேதான் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது, அதுதான் பயம். முதலில் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டம் போனது, வீடு பக்கமாம், அவர் போய் வந்துவிட்டாராம். பிறகு காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் கூட்டிப் போவது போனது. பவர் கண்ணாடி சொல்லவே வேண்டாம், கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு வெளியிலா கண்ணாடி வாங்குவார்கள். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரில் எது கெட்டாலும், எது வாங்க வேண்டுமென்றாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவாள். மோட்டார் பம்பு கம்பெனியில் சர்வீஸ் பார்க்கிறவன் கிருபாகரன், சொந்தக் கம்ப்யூட்டரைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டவன், பிரிந்து வரும்போது அதைக்கூட மதிக்காக அங்கேயே விட்டுவிட்டு வந்தவன். அந்த ஒரு இடத்திலும் இப்போது ஒரு கட்டைவிரல் வந்து நிற்கிறது. பிறந்த நாளுக்கு சம்பத்ப்பா மானிட்டர் வாங்கித் தந்தார், கார்டு நீங்க வாங்கித் தர்றீங்களாப்பா. கேட்டாளே, எவ்வளவு சாதாரணமாகக் கேட்டாள். மானிட்டர் கண் முன்னால் பளபளவென்று நிற்கும், வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் யார் வாங்கித் தந்தது என்று கேட்பார்கள். கார்டு பெட்டிக்குள்ளே இருட்டில் கிடக்கும், அதை யார் பார்க்கப் போகிறார்கள்.

"சார், உங்க புள்ளைக்கு வந்திருக்கற மானிட்டர் நல்ல ஐட்டமுங்க," என்றார் சுப்பையன். கிருபாகரன் எதைக் கேட்க வேண்டாம் என்று இருந்தானோ அதையே சொல்கிறார். "பழைய மானிட்டரெல்லாம் பி.டி. மாஸ்டர் மாதிரிங்க, லெஃப்ட் ரைட் லெஃப்ட் ரைட்னு அது பாட்டுக்குச் சொல்லிட்டே இருக்கும், கார்டு படத்தை வரைஞ்சு முடிச்சுதா இல்லையான்னு பார்க்காது. பாதி வரைஞ்சப்பவே காட்டிப்போடும், படம் நடுவால கிழிஞ்சு நிக்கும். இது அப்படி இல்லீங்க. கார்டு படத்தை முடிக்கற வரைக்கும் பொறுமையா இருந்து அப்புறந்தான் மாத்தும். கார்டு வேகமாப் போனா இதுவும் வேகமாப் போகும், மெதுவாப் போனா இதுவும் மெதுவாப் போகும்." பொறுமையா இருந்து என்று அவர் சொன்ன இடத்தில் கிருபாகரனின் மனம் மாட்டிக்கொண்டது, மேற்கொண்டு அவர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. வாசுகி இந்த வார்த்தையைத்தான் சொன்னாள். சண்டையில் இல்லை, எல்லாம் முடிந்து கோர்ட் வாசலில் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தபோது, கோபமே இல்லாமல் சொன்னாள், நான் ஒரு பேச்சை முடிக்கற வரைக்கும் உங்களுக்குப் பொறுமை இருந்ததில்லைங்க. அவன் உடனே, நீ என்ன சொல்ல வர்றேன்னு எனக்குத்தான் முதல்லயே தெரியுமே என்றான். அவள் சிரித்துவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். அந்த ஆள் பொறுமையாக இருப்பாராக்கும். மூக்குக் கண்ணாடி விற்கிறவருக்குப் பொறுமை இல்லாமல் என்ன செய்யும், இது நல்லாத் தெரியுதா, இப்போ நல்லாத் தெரியுதா, அல்லது முன்னால் போட்டதே பரவாயில்லையா என்று வருகிறவர் முகத்தையே நாளெல்லாம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தொழில். பம்பு ரிப்பேருக்குப் போகிறவன் அப்படி உட்கார்ந்திருந்தால் தண்ணீர் இல்லாமல் பயிர் காய்ந்துபோகும். இதையெல்லாம் யார் வாசுகியிடம் எடுத்துச் சொல்வது. மானிட்டரைப் பார்த்து வாங்கினார் பார், மானிட்டரை, மனுஷன் தன்னைப்போலவே ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி அந்தப் பெண்ணின் மேஜையில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். கிருபாகரனுக்கு வயிறு எரிந்தது, நிஜமாகவே எரிந்தது, காலையில் வெறும் டீயோடு வந்தது வேறு.

"அப்ப எது எடுக்கறதுங்க," என்று கேட்டான். "இந்த மானிட்டருக்கு சிவப்புதானுங்க பொருத்தம், ரெண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு பேசிக்கும்," என்றார் சுப்பையன். "பச்சையும் நல்ல கார்டுதான், இன்னிக்கு எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. இந்த மானிட்டரோடயும் ஓடும். ஓடாதுன்னு சொல்லமாட்டேன். ஆனா இந்த மாடல் வாங்கினவங்க ரெண்டு மூணு பேர் வந்து சொன்னாங்க, பச்சையோட போட்டா இருட்டு சீன்ல திரை மினுக்குதுன்னு. தப்பு கார்டுலயும் இல்லீங்க, மானிட்டர்லயும் இல்லீங்க, ஜோடி சேரலை, அவ்வளவுதான். பாக்கறவங்க மானிட்டர்தான் சரியில்லைன்னு நினைச்சுக்குவாங்க." சொல்லிவிட்டு அவர் வேறொருவருக்குக் கேபிள் எடுத்துத் தரப் போனார். அவர் கடைசியாகச் சொன்னது மட்டும் மேஜை மேலேயே கிடந்தது. பாக்கறவங்க மானிட்டர்தான் சரியில்லைன்னு நினைச்சுக்குவாங்க. கிருபாகரன் நல்லவன்தான், சத்தியமாக நல்லவன், வேலைக்குப் போன தோட்டத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தைக்கூடக் கேட்காமல் பறிக்க மாட்டான். அப்படிப்பட்டவன் அந்தப் பேச்சைக் கையில் எடுத்தான், கீழே வைத்தான், மறுபடி எடுத்தான். சீ என்று ஒரு தரம் தன்னையே திட்டிக்கொண்டான். மினுக்கினால் என்ன ஆகிவிடும், உயிரா போய்விடும். சும்மா ஒரு மினுக்கல். மதி போன் செய்வாள். அப்பா, மானிட்டர் என்னவோ மாதிரி இருக்குப்பா, கண்ணு கூசுது. அப்படியா கண்ணு, என்ன மானிட்டர் அது, யார் பார்த்து வாங்கினது. இல்லை, அப்படிக் கேட்கக் கூடாது, அது அல்பமாக இருக்கும், தெரியாததுபோல, பெருந்தன்மையாக, பாவம் அவருக்கு இதெல்லாம் என்ன தெரியும், நான் வேற வாங்கித் தர்றேன் விடு. ஆமாம், பாவம் என்பதை முதலில் போட வேண்டும். உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தான், பாவம் அவருக்கு என்ன தெரியும், நன்றாகத்தான் வந்தது. பிறகு அவன் வாங்கித் தரும் மானிட்டர் வரும், அவன் வாங்கித் தந்த கார்டோடு அது ஒட்டிக்கொள்ளும், மேஜையில் மேலும் கீழும் உள்ளும் புறமும் எல்லாம் அப்பா வாங்கித் தந்ததாக இருக்கும். அந்தக் கட்டைவிரல் பிடித்திருந்த பெட்டி பரணுக்குப் போகும்.

"பச்சையே குடுத்துருங்க," என்று அவன் சொன்னபோது குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. சுப்பையன் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். "மானிட்டர் அதுதானுங்களே?" என்றார். "அதேதான். எனக்குத் தெரியும், குடுங்க." வியாபாரி அதற்கு மேல் வாதாட மாட்டார். எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம்தான், கண் முன்னால் பெட்டியின் சீல் வெட்டி, கார்டை வெளியே எடுத்து, ஓரத்தில் மூடி இல்லாமல் பரப்பி வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் செருகி ஓட்டிக் காட்டிவிடுவார்கள், சீல் வெட்டிய பிறகு திருப்பி எடுக்க மாட்டார்கள். "வெட்டிரலாமுங்களா, அப்புறம் மாத்த முடியாதுங்க," என்று கத்தியைப் பெட்டி மேல் வைத்துக்கொண்டு கேட்டார். கிருபாகரன் தலையை ஆட்டினான். கத்தி போன சத்தம் பூசணிப் பத்தையில் போவதுபோல மெதுவாகக் கேட்டது. கார்டு மூன்று காற்றாடிகளோடு தண்டியாக இருந்தது. செருகி ஓட்டியதும் எதிரில் இருந்த திரையில் ரோமம் முளைத்த ஒரு வளையம் தோன்றிச் சுழல ஆரம்பித்தது, கார்டு எவ்வளவு சுமை தாங்குகிறது என்று பார்ப்பதற்காக ஓட்டுகிற படம் அது, காற்றாடிகள் இரைந்தன, சூடான பிளாஸ்டிக் வாசனை வந்தது. "கொஞ்ச நேரம் ஓடட்டுமுங்க, டீ சொல்லட்டுங்களா?" என்றார் சுப்பையன். வேண்டாம் என்றான். வளையம் சுழன்றது. பார்த்துக்கொண்டே இருந்தால் அது இந்தப் பக்கம் சுழல்கிறதா அந்தப் பக்கம் சுழல்கிறதா என்றே தெரியவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துப் பார்த்தான். ஜெயித்தவனுக்கு உள்ளங்கை இப்படியா வியர்க்கும்.

கண்ணு கூசுது என்றுதானே அவளைச் சொல்ல வைத்தோம், கூசினால் அவள் என்ன செய்வாள் என்று மனம் தன் பாட்டுக்கு அடுத்ததைக் காட்டியது. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பாள், புறங்கையால் கண்ணைக் கசக்குவாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், உள்ளங்கையால் கசக்க மாட்டாள். தலை வலிக்கிறது என்பாள். ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி, புது மானிட்டர் வருவதற்குள் எத்தனை ஆகுமோ. அதற்கு என்ன, சொல்லிக்கொண்டே இருக்க மாட்டாள், அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள். அணைத்தால் பரவாயில்லை, அணைக்காமல் யாரிடமும் சொல்லாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு விளையாடினால். அப்பா வாங்கித் தந்த கார்டு, ஒன்றும் சொல்லக் கூடாது என்று இருந்துவிட்டால். அவள் அப்படிப்பட்டவள்தான், ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணி காரமாக இருந்தால்கூட நல்லாருக்குப்பா என்று தண்ணீரைக் குடித்துக்கொள்வாள். முன்பு ஒரு கார்ப் பந்தய விளையாட்டு இருந்தது, அவன் மடியில் உட்கார்ந்துகொண்டு அவள் இடது வலது பொத்தான்களை அழுத்துவாள், வேகம் அவன் கையில். வேகமாகப் போகும்போது திரையின் நடுவில் ஒரு கோடு விழும், காரின் மேல்பாதி முன்னாலும் கீழ்ப்பாதி பின்னாலும் நிற்கும். அப்பா, கார் வெட்டுப்பட்டுருச்சு என்று கையை எடுத்துவிடுவாள். வலிக்காதும்மா, காருக்கு வலிக்காது, நீ ஓட்டு என்பான். அவள் தலையிலிருந்து வெயிலும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசனை வரும். அந்த மடி இப்போது எங்கே இருக்கிறது, இந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் கால்சட்டைக்குள் இரண்டு முழங்கால்களாக இருக்கிறது. அங்கே அவள் மேஜைக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டுக்கொண்டு அந்த ஆள் உட்கார்ந்து பார்ப்பாரோ. ஒன்றும் புரியாமல் பார்ப்பார், புரியாமலே நல்லாருக்கு நல்லாருக்கு என்பார். அதை நினைத்ததும் கண்ணைக் கசக்கும் மதி மறைந்துபோனாள், அந்த நாற்காலி மட்டும்தான் தெரிந்தது, மினுக்கட்டும், நன்றாக மினுக்கட்டும், அவர் கண்ணிலும் சேர்ந்து மினுக்கட்டும் என்று கிருபாகரன் பல்லைக் கடித்துக்கொண்டான். செல்போன் அடித்தது.

மதிதான். "அப்பா, கடைக்குப் போயிட்டீங்களா?" "கடைலதான் இருக்கேன் கண்ணு." "எடுத்தாச்சா?" "ம், டெஸ்ட் ஓடிட்டிருக்குது." காற்றாடி இரைச்சல் அவளுக்கும் கேட்டிருக்கும். "அப்ப மானிட்டர் பெட்டியைப் பிரிச்சுரலாமா? நேத்திருந்து சும்மாவே வெச்சிருக்கு. சம்பத்ப்பா பிரிக்கவே விடலை, உங்கப்பா கார்டு எடுக்கட்டும், அப்புறம் பிரிச்சுக்கலாம்கறார்." கிருபாகரன் ஏன் என்று கேட்டான். தானே ஒரு காரணத்தைச் சொல்லி முடிக்காமல் வெறுமனே கேட்டது அவனுக்கே புதிதாக இருந்தது. "பிரிச்சா மாத்தித் தர மாட்டாங்களாம்ப்பா. வாங்கறதுக்கு முன்னாடி என்கிட்ட கேட்டார், உங்கப்பா எந்த கம்பெனி கார்டு வாங்குவார்னு. நான் சிவப்புன்னு சொன்னேன். நம்ம பழைய கம்ப்யூட்டர்ல அதுதானே இருந்துச்சு, அதுக்காக நீங்க எல்லாரோடயும் சண்டைகூடப் போடுவீங்க. அதான் சிவப்புக்குச் சேர்ற மாதிரி தேடி வாங்கினார். ஒருவேளை நீங்க பச்சை எடுத்துட்டா, அதுக்கு ஏத்த மானிட்டரும் ஒண்ணு கடைல சொல்லி வெச்சிருக்கார்." கிருபாகரன் மறந்தே போயிருந்தான். அந்தச் சிவப்புப் பெருமையை, அதற்காகப் போட்ட சண்டைகளை, தான் அப்படி ஒருவனாக இருந்ததையே மறந்துபோயிருந்தான். அவன் கார்டுக்காக ஒரு மானிட்டர் தேடி வாங்கப்பட்டிருக்கிறது, அந்த மானிட்டர் மேல் கரி பூசுவதற்காக அவன் ஒரு கார்டைத் தேடி எடுத்திருக்கிறான். சட்டைக்குள் முதுகில் ஒரு பூச்சி ஊர்வதுபோல இருந்தது. "நீங்க எது எடுத்தீங்கப்பா?" என்றாள் மதி. வளையம் சுழன்றுகொண்டிருந்தது. பச்சை என்று சொன்னான், பொய் சட்டென்று வாயில் வரவில்லை.

"ஓ, பச்சையா," என்றாள். பிறகு அவளுக்கே உரிய குரலில், "அதுவும் நல்லதுதான்ப்பா. அப்ப சாயங்காலம் நாங்க போய் மானிட்டரை மாத்திட்டு வந்தர்றோம். அவர் ஸ்கூட்டர்லயே போயிக்கலாம், நான் பின்னால பெட்டியைப் பிடிச்சுக்குவேன். வர்ற வழில காளான் சாப்பிட்டுட்டு வரலாம்னு சொல்லிட்டிருந்தார்," என்றாள். கிருபாகரன் கண் முன்னால் அந்தச் சாயங்காலம் அப்படியே விரிந்தது. தள்ளுவண்டி, ஆவி பறக்கும் தட்டு, காளான் காரத்துக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டு மதி, காலடியில் பத்திரமாக மானிட்டர் பெட்டி, எதிரில் அந்த ஆள், இருவரும் என்னவோ சொல்லிச் சிரிக்கிறார்கள், ஸ்கூட்டரில் அவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகில் சாய்ந்திருக்கிறாள். இவ்வளவு அழகான ஒரு சாயங்காலத்தை அவர்களுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தது யார், பச்சையே குடுத்துருங்க என்று சொன்ன இந்த மடையன். மனசாட்சி செய்யாததை அந்தக் காளான் தட்டு செய்தது. "வேண்டாம், வேண்டாம்," என்றான் அவசரமாக. "மாத்த வேண்டாம் கண்ணு. பச்சையைச் சும்மா ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். சிவப்புதான் எடுக்கறேன். அந்த மானிட்டருக்கு அதுதான் சேரும். நீங்க பெட்டியைப் பிரிங்க." மதி செல்போனை விட்டு முகத்தைத் திருப்பி யாரிடமோ, சிவப்புதானாம் என்று சொன்னது கேட்டது. அதற்குப் பின்னால், தூரத்திலிருந்து, மெல்லிய ஓர் ஆண் குரல், "நாந்தான் சொன்னேனே, உங்கப்பா சரியாத்தான் எடுப்பார்னு" என்றது.

செல்போனை வைத்த பிறகும் கிருபாகரன் அந்தக் குரலையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் எங்காவது கேலி இருக்கிறதா, எங்காவது நான் எவ்வளவு பெரிய மனுஷன் பார் என்பது ஒளிந்திருக்கிறதா என்று விரல் படத்தைப் பெரிதாக்கியவன் இதையும் பெரிதாக்கிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. ஒரு மனுஷன் வேறு என்னவோ வேலை பார்த்துக்கொண்டே சொல்கிற குரல்தான். அவனுக்குப் பொறாமை போகவில்லை, பொய் சொல்வானேன், முன்னைவிட அதிகமாக இருந்தது, ஆனால் அது மதியை எடுத்துக்கொண்டதற்காக இல்லை, வாசுகிக்காகவும் இல்லை. அந்தப் பேச்சுக்காக. உங்கப்பா சரியாத்தான் எடுப்பார். அந்த ஆளைப் பற்றி அப்படி ஒன்றை மதியிடம் தான் இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தரமாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, சொல்ல வந்திருக்காது. கொடுத்துவைத்தவர் என்று நினைத்துக்கொண்டான், மதி அந்த வீட்டில் இருப்பதால் அல்ல, அப்படிச் சொல்ல வருகிறதே, அதற்காக.

எழுந்து மேஜைக்குப் போய்ச் சிவப்புப் பெட்டியைத் தொட்டுக் காட்டினான். சுப்பையனுக்கு முகம் கொஞ்சம் வாடியது. "சீல் வெட்டினதைத் திருப்பி எடுக்க முடியாதுங்களே சார்," என்றார். "தெரியுங்க. ரெண்டுக்கும் பில் போடுங்க." "ரெண்டுமா? வீட்ல ரெண்டு கம்ப்யூட்டருங்களா?" "என் வீட்ல கம்ப்யூட்டரே இல்லீங்க," என்றான் கிருபாகரன். சுப்பையன் இதற்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பார்த்தார், இத்தனை வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு கிராக்கியை அவர் கண்டதில்லை. பிறகு அவர் தன் வேலைக்குத் திரும்பினார், ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினார், காற்றாடிகள் இரைச்சல் குறைந்து நின்றன, கத்தியை எடுத்துச் சிவப்புப் பெட்டியின் ஓரத்தில் வைத்தார். "இதையும் பிரிச்சு ஓட்டிப் பார்த்துரலாமுங்களா?"

"வேண்டாங்க," என்றான் கிருபாகரன். "அதை அவங்க பிரிச்சுக்கட்டும்."